விக்போல்டுக்கு ஓட்டுப் போடுங்கள்

மிட்டல்ஃபேன்,
வெள்ளிக்கிழமை, மழை சற்று ஓய்ந்த நேரம்.

என் அன்புக்கும் மரியாதைக்கும், சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பயத்துக்கும் உரிய டேடா அக்காவுக்கு,

உன் தம்பி விக்போல்ட் எழுதிக்கொள்வது. பிரேமனில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதிதாக வைத்த இடுப்பெலும்பு சொன்ன பேச்சைக் கேட்கிறதா? அத்தான் இன்னும் ஒளித்து வைத்து இனிப்பு சாப்பிடுகிறாரா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். முறை முடிந்தது. இனி உண்மையைச் சொல்கிறேன். இங்கே ஒருவரும் நலமில்லை, அக்கா. மருமகள் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை, மகன் பேசினாலும் பிரயோஜனமில்லை, என் மனைவி ஹில்கே என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள், வாசலில் ஒரு மர நாரை மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. இதையெல்லாம் சரிசெய்ய இந்தப் பூமியில் உன்னால் மட்டும்தான் முடியும். நீ அடுத்த வாரம் சனிக்கிழமை ரயிலேறி வந்து, என் பேரனுக்கு என் பெயரை வைக்கச் சொல்லி ஃபெலிசிட்டாஸிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். என் மருமகள் பயப்படுவது இரண்டே இரண்டுக்குத்தான். ஒன்று கம்பளிப்பூச்சி. இன்னொன்று நீ.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். குழந்தை இன்றோ நாளையோ என்று இருக்கிறது, ஆண் குழந்தை என்று சொல்லிவிட்டார்கள். நம் வீட்டில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, மழை பெய்தால் குடை பிடிப்பது மாதிரி அதுபாட்டுக்கு நடக்கும். தாத்தா விக்போல்ட், அப்பா ரேம்ட், நான் விக்போல்ட், என் மகன் ரேம்ட். தேவாலயத்துக்குப் பின்னால் நம் ஆட்கள் படுத்திருக்கும் வரிசையைப் போய்ப் பார், அங்கேயும் விக்போல்ட், ரேம்ட், விக்போல்ட், ரேம்ட் என்று ஒழுங்காகப் படுத்திருக்கிறார்கள். நடுவில் ஒருத்தர்கூட வரிசை மாறிப் படுக்கவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் வந்து ஃபெலிசிட்டாஸ் சொல்கிறாள், பிள்ளைக்கு மைலோ என்று பெயர் வைக்கப் போகிறாளாம். மைலோ! பால் பவுடருக்கு வைக்கிற பெயர் மாதிரி இல்லை?

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை தேநீர் நேரத்தில் ஆரம்பித்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கோப்பையில் கல்கண்டு போட்டு, மேலே தேநீர் ஊற்றி, அது படபடவென்று வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, ஓரமாகப் பாலாடையை விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னேன். "விக்போல்டுக்குத் தொட்டில் எங்கே போடலாம்?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். ஃபெலிசிட்டாஸ் தன் போனை எடுத்தாள். பிள்ளைகளுக்குப் பெயர் பார்ப்பதற்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறதாம், அதில் உலகத்துப் பெயர் எல்லாவற்றுக்கும் ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்களாம்.

"மாமா, கோபப்படாதீங்க. உங்க பேரை நான் தேடவே இல்லைன்னு நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது பாருங்க. இதோ படிக்கிறேன். விக்போல்ட். தோற்றம், பழைய ஜெர்மானியம். பொருள், போரில் துணிந்தவன்."

"கேட்டீங்களா எல்லாரும்!" என்றேன் நான். நெஞ்சு தானாக நிமிர்ந்துவிட்டது.

"இருங்க, இன்னும் இருக்கு. பரவல், இல்லை. கம்மின்னு கூடப் போடல மாமா. இல்லைன்னு போட்டிருக்கான். புகழ்பெற்றவர்கள், ஒருத்தர். கடற்கொள்ளையர். ஹாம்பர்க்ல தலையை வெட்டிட்டாங்களாம்."

"அவர் படிச்சவரும்மா. கீழே பாரு, படிச்ச கொள்ளைக்காரர்னு இருக்கும்."

"ஆமா, இருக்கு. தலையோட சேர்ந்து படிப்பும் போயிருக்கும்."

ரேம்ட் தன் கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். போரில் துணிந்தவனின் மகன்! ஒரு வார்த்தை பேச வேண்டுமே! ஃபெலிசிட்டாஸ் நிறுத்தவில்லை. அந்தத் தளத்தில் போகிற வருகிறவன் எல்லாம் பெயருக்கு நட்சத்திரம் போடலாமாம். ஐந்துக்கு, நம் பெயருக்கு ஒன்றேகால். அந்தக் கால் எதற்குப் போட்டான் என்று தெரியவில்லை, பாவம் பார்த்துப் போட்டிருப்பான். அதற்கும் கீழே, இந்தப் பெயரைக் கேட்டதும் மக்கள் எப்படிப்பட்ட ஆளை நினைக்கிறார்கள் என்று ஒரு குறிப்பு. "வயதானவர், பருமனானவர், எளிதில் சிரிக்காதவர், காலுறை மாட்டிக்கொண்டு அதற்கு மேல் செருப்புப் போடுகிறவர்" என்று வாசித்தாள். மேஜையைச் சுற்றி இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து என் காலைப் பார்த்தார்கள். ஹில்கேவுக்குச் சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவள், அக்கா.

"என்னம்மா குறை இந்தப் பேர்ல?" என்று கேட்டேன்.

"குறைன்னு இல்ல மாமா. நாலு பேருக்காவது பிடிச்ச பேரா இருந்தா யோசிக்கலாம். இது ஒருத்தருக்குமே பிடிக்கலையே. பிள்ளை நாளைக்கு ஸ்கூலுக்குப் போக வேணாமா?" என்று சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டாள். ஸ்டுட்கார்ட்டுக்காரி. நம் ஊரில் மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது இத்தனை நாளில் அவளுக்குப் பிடிபடவில்லை. கரண்டியைக் கோப்பைக்குள் போட்டால் போதும், இனிமேல் ஊற்றாதே என்று அர்த்தம் என்பது மட்டும் வந்த அன்றைக்கே பிடிபட்டுவிட்டது.

ஆனால் நான் அவள் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேருக்குப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதானே? தபால் நிலையத்தில் ஆயுசு பூரா கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் நான், எனக்கு நாலு பேரைத் தெரியாதா? என் போனில் அந்தத் தளத்தைத் திறந்து விக்போல்டுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன். மறுபடியும் போடப் போனால், "நீங்கள் ஏற்கெனவே உங்கள் கருத்தைத் தெரிவித்துவிட்டீர்கள், நன்றி" என்று வந்தது. வீட்டில் ஒருவர்கூட அந்த நன்றியை எனக்குச் சொன்னதில்லை. சரி, ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்றால் ஆட்களைத் திரட்ட வேண்டியதுதான் என்று பக்கத்து வீட்டு ஹின்ரிஹ் பொப்பிங்காவிடம் போனேன். உனக்குத்தான் அவனைத் தெரியுமே, ஆண்கள் பாடகர் குழுவுக்குத் தலைவன், ஊரில் எது நடந்தாலும் முதல் ஆளாக ஏணியோடு வந்து நிற்பவன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "குடிக்க என்ன இருக்கு?" என்பது.

அங்கேதான் சனியன் பிடித்தது. நம் நிலவறையில் அந்தப் பெரிய ஜாடி இருந்தது. வசந்த காலத்திலேயே உலர்ந்த திராட்சையைக் கழுவி, கல்கண்டு சேர்த்து, பிராந்தியில் ஊறப்போட்டு, பிள்ளை பிறந்ததும் அக்கம்பக்கத்தார் பார்க்க வரும்போது வெள்ளிக் கரண்டியோடு கொடுப்பதற்கு நானே என் கையால் வைத்தது. ஹில்கே அன்றைக்கே சொன்னாள், "பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடி அந்த மூடியைத் திறந்தீங்கன்னா நடக்கிறதே வேற" என்று. அவள் வெளியே போயிருந்த சாயங்காலம் பார்த்துத் திறந்தேன். ரேம்டும் ஃபெலிசிட்டாஸும் ஸ்டுட்கார்ட்டுக்கு அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி, பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்கு மீதி தாராளமாக இருக்கும் என்பது என் கணக்கு.

பாடகர் குழு மொத்தமும் வந்து கூடத்தில் உட்கார்ந்தது. நான் எழுந்து நின்று என் பெயரின் பூர்வீகத்தைப் பற்றி ஒரு சிறு உரை ஆற்றினேன். போருக்கு ஒரு வார்த்தை, துணிச்சலுக்கு ஒரு வார்த்தை, இரண்டையும் சேர்த்து நம் முன்னோர்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள், தொட்டிலில் கிடக்கும்போதே அவன் தலையில் ஒரு கவசத்தைக் கவிழ்த்தார்கள் என்றெல்லாம் சொன்னேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

"போர்ல துணிஞ்சவனா?" என்றான் பொப்பிங்கா. "டேய், போன வாரம் வாய்க்கால் கரையில ஒத்தை வாத்து துரத்துச்சுன்னு சைக்கிளைப் போட்டுட்டு ஓடினியே, அது எந்தப் போர்டா?"

"அது வாத்து இல்ல. அது பெரிய சைஸ்."

"சரி விடு. ஒரு ஓட்டுக்கு ஒரு கரண்டிதானா? எங்க அப்பா காலத்துல ஊர்த் தலைவர் தேர்தலுக்கே ரெண்டு கொடுத்தாங்க."

இரண்டு கொடுத்தேன். அப்புறம் ஓட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்க இன்னொன்று. ஒவ்வொருவனும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனை எட்டத்தில் பிடித்துக்கொண்டு, ஐந்து நட்சத்திரத்தைக் குத்தினான். கருத்து எழுதவும் இடம் இருந்ததால் எழுதினார்கள். "இந்தப் பெயருள்ளவர்கள் தாராள மனம் படைத்தவர்கள், ஆனால் கரண்டி இன்னும் சற்றுப் பெரிதாக இருக்கலாம்" என்று ஒருவன் எழுதியது இன்றைக்கும் அந்தத் தளத்தில் இருக்கிறது. மறுநாள் சொல்லி அனுப்பாமலே பெண்கள் தேகப்பயிற்சிக் குழு வந்தது. அவர்களுக்குப் பின்னால் ஊர்த் தீயணைப்புப் படை, எங்கோ தீ என்பதுபோல சீருடையோடு வந்தது. ஊர்ப் பெண் பாதிரியார்கூட எட்டிப் பார்த்து, "பெயர் சற்று வன்முறையாகத்தான் இருக்கிறது, ஆனால் திராட்சை நன்றாக ஊறியிருக்கிறது" என்று ஆசீர்வதித்துவிட்டு ஓட்டும் போட்டுவிட்டுப் போனார். நட்சத்திரம் ஏறியது, அக்கா. ஒன்றேகால் மூன்றாகி, மூன்று நாலரையாகி, பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி போட்டு, "வேகமாகப் பிரபலமாகும் பெயர்" என்று எழுதிவிட்டார்கள். அந்த அம்புக்குறியை நான் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எனக்குப் பக்கத்தில் மேல்நோக்கி எதுவும் இருந்ததில்லை. ஜாடியில் அடிமண்டி மட்டும் இருந்தது.

இனி நடந்ததை நீயே யோசித்துப் பார். நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் திராட்சைப் பிராந்தியும் வெள்ளிக் கரண்டியும் சுற்றி வருகிறது, வீட்டுக்காரன் கண்ணில் நீர், உள்ளேயிருந்து "விக்போல்ட்! விக்போல்ட்!" என்று கத்துகிறார்கள். தாமதமாக வந்து வாசற்படியில் நின்ற தீயணைப்புக்காரன் ஒருவனுக்கு அதற்கு என்ன அர்த்தம்? ஒரே அர்த்தம்தான். அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நம் ஆட்கள் சந்தோஷ விஷயத்தில் கேள்வி கேட்க மாட்டார்கள், நேராகச் சுத்தியலை எடுப்பார்கள். என் பேச்சை முழுசாகக் கேட்டுவிட்டுப் போன பொப்பிங்காவுக்காவது தெரிய வேண்டாமா? அவனும் மூன்றாம் கரண்டிக்குப் பிறகு பிள்ளை பிறந்துவிட்டது என்றே நம்ப ஆரம்பித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்தால், வாசலில், பிள்ளை பிறந்த வீட்டுக்கு நம் ஊரில் நடுவார்களே, அந்த ஆள் உயர மர நாரை. சிவப்பு அலகு, அலகில் துணி மூட்டை, கழுத்தில் பலகை, பலகையில் பெரிய எழுத்தில் விக்போல்ட். தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதில் குழந்தைச் சட்டைகளும் இடுப்புத் துணிகளும் வரிசையாகத் தொங்கின. பாடகர் குழுவின் பெயரில் உள்ளூர்ப் பத்திரிகைக்கு வாழ்த்து விளம்பரமும் போய்விட்டது. நான் இரவுச் சட்டையோடு வெளியே ஓடி அந்தப் பலகையை அசைத்துப் பார்த்தேன். பொப்பிங்கா அறைந்த ஆணி, அசையுமா?

மத்தியானம் ரேம்டின் கார் வந்து நின்றது. ஃபெலிசிட்டாஸ் இறங்கினாள். நாரையைப் பார்த்தாள். கயிற்றில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தாள். பலகையை வாசித்தாள். பிறகு மெதுவாகத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மாமா," என்றாள், கத்தக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனக்குப் பிள்ளை பிறந்துடுச்சா? எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அதற்குள் எதிர் வீட்டம்மா பூங்கொத்தோடு வந்துவிட்டார். வந்தவர் வயிற்றைப் பார்த்துத் திகைத்து, ஒரு நொடி யோசித்து, "ஓ, இன்னொன்னும் இருக்கா!" என்று சொல்லிவிட்டுப் பூங்கொத்தை அவள் கையில் திணித்தார். ஹில்கே சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு ஏப்ரனால் வாயை மூட முடியாமல் மேஜை விரிப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். நாரையை எடுத்துவிடு என்று பொப்பிங்காவிடம் கெஞ்சினேன். வைத்த நாரையைப் பிள்ளை வருவதற்குமுன் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்றான். இது எந்தக் காலத்து வழக்கம் என்று கேட்டேன். இந்தக் காலத்து வழக்கம், இப்போதுதான் ஆரம்பித்தேன், எடுப்பதானால் எடுக்கிறவர்களுக்கு மறுபடி ஜாடி வைக்க வேண்டும் என்றான்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. ஃபெலிசிட்டாஸ் கோபம் தணிந்ததும் போனைக் கொண்டுபோய் நீட்டினேன். "பாரும்மா, நாலரை நட்சத்திரம். நாலு பேருக்குப் பிடிக்கணும்னு சொன்னே, நூறு பேருக்கு மேல பிடிச்சிருக்கு. இப்ப என்ன சொல்றே?"

"இப்பதான் மாமா பிரச்சனையே. வேகமாகப் பிரபலமாகும் பெயர்னு போட்டிருக்கான். பொப்பிங்கா பொண்ணு ஆன்ட்யே தெரியுமில்ல, அவளுக்குச் செவ்வாய்க்கிழமை பையன் பிறந்திருக்கான். உங்க பேச்சைக் கேட்டு அவங்க அப்பா உருகிப் போயிட்டாராம். விக்போல்ட்னு வெச்சுட்டாங்க. ஸ்டுட்கார்ட்ல என் தோழி ஒருத்தி, பேர் ரொம்ப அழகா இருக்குன்னு அவ நாய்க்கு வெச்சுட்டா. குட்டைக் கால் நாய். ஊர்ல இருக்கிறவன் எல்லாம் வெக்கிற பேரை நான் எதுக்கு மாமா வெக்கணும்?"

அக்கா, நீயே சொல். யாருக்கும் இல்லை என்றபோது, யாருக்கும் இல்லாததால் வேண்டாம் என்றாள். இருக்கிறது என்றபோது, இருப்பதால் வேண்டாம் என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் குழந்தைக்கு ஒருத்தருக்கும் இல்லாத பெயர் வேண்டும், ஆனால் அது எல்லோருக்கும் பிடித்திருக்கவும் வேண்டும். உலகத்தில் ஒரே ஒரு மைலோ என்று நினைத்துக்கொண்டு வைக்கிறார்கள். மழலையர் பள்ளி வாசலில் போய் மைலோ என்று ஒரு குரல் கொடுத்துப் பார், ஒரு கூட்டமே திரும்பும், அதில் பாதிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். என் பெயருக்கு ஓட்டுச் சேர்த்து, பிராந்தி ஊற்றி, ஊரெல்லாம் பரப்பி, கடைசியில் பொப்பிங்கா வீட்டில் ஒரு விக்போல்டும் ஸ்டுட்கார்ட்டில் ஒரு நாயும். என் வீட்டில் மைலோ. ஆன்ட்யே வீட்டில் பரம்பரை பரம்பரையாக கெர்ட், ஹின்ரிஹ் என்றுதான் வைப்பார்கள், அவர்களுக்கு எங்கள் பெயர்மேல் என்ன உரிமை? போய்க் கேட்டேன். "நீதானேடா ஓட்டுக் கேட்டே? கேட்டதைத்தானே போட்டோம்?" என்கிறான் பொப்பிங்கா.

ஹில்கேவிடம் ஆறுதல் தேடிப் போனால் அவள் சொல்கிறாள், "இந்தாங்க, கல்யாணமான நாள்லேர்ந்து நானே உங்களை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. யார்தான் கூப்பிட்டாங்க, சொல்லுங்க பார்ப்போம்?" என்று. யோசித்துப் பார்த்தேன். வருமான வரி அலுவலகம் கூப்பிட்டிருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, முழுப் பெயரோடு, மிகுந்த மரியாதையோடு.

சிரிக்காதே அக்கா. எனக்கு நிஜமாகவே வேதனையாக இருக்கிறது. நேற்று சாயங்காலம் சைக்கிள் கொட்டகையில் தனியாக நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை. நான் பெரிதாக எதையும் சாதித்தவன் இல்லை. தபால் தலை விற்றேன், ஓய்வு பெற்றேன். நான் போன பிறகு என்னுடையது என்று இந்த வீட்டில் சத்தமாகச் சொல்ல அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதைக்கூட வாசற்படி தாண்டவிடாமல் கதவைச் சாத்துகிறார்கள் என்றால் மனசு கேட்கிறதா? அந்த வரிசையில் எனக்கப்புறம் ரேம்ட், ரேம்டுக்கப்புறம் மைலோ என்று கல்லில் வெட்டுவானா? வெட்டுகிறவனே சிரித்துவிட மாட்டானா?

ஆகவே சனிக்கிழமை வா. லேர் ஸ்டேஷனுக்கு ரேம்ட் காரோடு வருவான், அவனிடம் வழியில் எதுவும் பேசாதே, அவன் பயந்து வண்டியைக் கால்வாயில் விட்டுவிடுவான். வீட்டுக்கு வந்து மூன்று கோப்பை குடி, கரண்டியைத் தொடாதே. பிறகு உன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியைக் குரலில், "ஃபெலிசிட்டாஸ், இந்தக் குடும்பத்தில் மூத்த பேரனின் பெயர் விக்போல்ட்" என்று ஒரே ஒரு தரம் சொல். போதும். ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தாய், உன் பேச்சை அவள் தட்ட மாட்டாள். அப்படியும் மைலோதான் என்றால் நான் ஞானஸ்நானத்துக்கு வரப்போவதில்லை, தோட்டத்து அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்காருவேன், சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல், இனிப்பை அலமாரிக்கு மேலே வைக்காமல் உன் தலையணைக்கு அடியில் வை. கடவுள் உன் இடுப்பையும் உன் குரலையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். உன் வீட்டில் சண்டை சச்சரவு வராமல், வந்தாலும் நீயே ஜெயிக்கும்படி அருள்புரியட்டும்.

என்றும் உன் ஒரே தம்பி,
போரில் துணிந்த
விக்போல்ட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டப் போகும்போது ஃபெலிசிட்டாஸுக்கு வலி வந்துவிட்டது. ஔரிக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் பையன் பிறந்தான், இரண்டு பேரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். உள்ளே போனேன். ஃபெலிசிட்டாஸ் களைத்துப் போய்ப் படுத்திருந்தாள். "மாமா, நீங்க கொட்டகையில நின்னு அழுததை ரேம்ட் பார்த்திருக்கான். அவன் சொன்னதும் எனக்குத் தாங்கல. விக்போல்ட்னே வெச்சிடலாம், ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

அக்கா, நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. அவ்வளவு சின்ன முகம், அக்கா. அதைப் பார்த்ததும் எனக்கு எதெல்லாமோ ஞாபகம் வந்துவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. வகுப்பில் ஆசிரியர் புதிதாக வரும்போதெல்லாம் அந்தப் பெயரில் வந்து நிற்பார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசிப்பார், மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்க்கும். ஊர்த் திருவிழா நடனத்தில் ஒரு பெண் என் பெயரைக் கேட்டாள், சொன்னேன், பழச்சாறு வாங்கி வருகிறேன் என்று போனாள், இன்னும் வரவில்லை. ஹில்கேவே முதல் சந்திப்பில், "வேற பேர் ஏதாவது இருக்கா?" என்றுதான் கேட்டாள். இதையெல்லாம் அந்தப் பிஞ்சின் தலையில் நானே என் கையால் கவிழ்ப்பேனா?

"வேண்டாம்மா, மைலோன்னே வெச்சிடு, நல்ல பேர்" என்று சொன்னேன். ஃபெலிசிட்டாஸ் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "பார்த்தியா ரேம்ட், உங்கப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு! இதுக்காகவே விக்போல்ட்தான்" என்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளுக்கு என்மேல் பாசம் பெருகுகிறது. மண்டியிட்டுக்கூடச் சொல்லிப் பார்த்தேன், ரேம்டும் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். திங்கட்கிழமை காலையில் பதிவு அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். அடுத்த சனிக்கிழமை வேண்டாம், நாளைக்கே கிளம்பி வா. இதைத் தபாலில் போட்டால் ஆகாது, இன்றிரவே ரயிலில் பிரேமனுக்கு வரும் பொப்பிங்காவின் தங்கை கையில் கொடுத்து அனுப்புகிறேன். வந்து அதே தலைமையாசிரியைக் குரலில், இந்தக் குடும்பத்தில் இனி அந்தப் பெயரை யாரும் வைக்கக் கூடாது என்று சொல். என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள், கொள்ளைக்காரனைச் சொல், நாயைச் சொல்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்னால் யாரும் கவனிக்காதபோது அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "விக்போல்ட்" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினான், முகம் சிவந்தது, ஆஸ்பத்திரியே அதிரும்படி வீறிட்டு அழுதான். பசிக்கிறது போல என்றான் ரேம்ட். பசியில்லை, அக்கா. பள்ளிக்கூடத்து முதல் நாளிலிருந்து நான் அடக்கி வைத்திருக்கிற அழுகை அது, எனக்குத் தெரியாதா? சீக்கிரம் வா.